தகரப் பெட்டியும் சிலேட்டும்

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, புலவர் பெருமக்கள் எழுதும் பக்கங்களில் பி.ஏ. மட்டும் படித்த ஓர் அஞ்சலக எழுத்தனுக்கு என்ன இடம் என்று முதலில் தயங்கினேன். "உங்கள் வீட்டில் நடப்பதையே எழுதுங்கள், அதுவும் இலக்கியந்தான்" என்று அவர் ஊக்கினார். 2025ஆம் ஆண்டு ஆயுத பூசையை ஒட்டி எங்கள் வீட்டில் நடந்த ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. அச்சிட்ட நூலா, மின்னூல் கருவியா என்பதே அவ்வழக்கு. வாதியும் நானே, பிரதிவாதியும் நானே. தீர்ப்பு மட்டும் என் தந்தையாரின் வாயிலிருந்து வந்தது.

இவ்வினாவைப் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். புதுப் புத்தகத்தின் மணத்துக்கும் காகிதத்தைப் புரட்டும் இன்பத்துக்கும் ஈடேது என்பர் ஒரு சாரார். ஆயிரம் நூல்களை ஒரு கையில் ஏந்திச் செல்லும் வசதியை விட்டுவிட்டுச் சுமை தூக்குவானேன் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் கேரளத்தின் எல்லைப்புறங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வினா வேறு வடிவில் வந்து நிற்கிறது. நமக்குத் தமிழ் நூல் கிடைப்பது அரிது. கிடைத்ததை வைக்க இடம் கிடைப்பது அரிது. வைத்ததை எடுத்துப் படிக்கப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருப்பது அவற்றினும் அரிது. இம்மூன்றையும் மனத்திற்கொண்டே நான் அறிந்ததைக் கூற விழைகிறேன்.

அடுப்புக்கு மேலே ஒரு நூலகம்

நான் பிறந்தது இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னே மலையேறியவர். என் தந்தையார் அம்மலையிலேயே பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கவாத்து வெட்டவும் மருந்து தெளிக்கவும் சென்றவர். அவருக்கு எட்டு வயதாக இருந்த 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. "நாங்க இருந்த இடத்திலேயேதான் இருந்தோம், கோடுதான் நகர்ந்துச்சு" என்பார்.

ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னே சிறு திண்ணை. இதுவே லயத்து வீடு. இதில் அறுவர் வாழ்ந்தோம். இத்தகைய வீட்டில் நூல்களுக்கு என்ன இடம் இருக்க முடியும்? தந்தையார் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, அதன்மீது ஒரு தகரப் பெட்டியை ஏற்றி வைத்திருந்தார். ஆனி, ஆடி மாதங்களில் மூணாற்றுப் பக்கம் பெய்யும் மழையையும் மூடும் மூடுபனியையும் அறிந்தவர்கள், அங்கே காகிதம் என்ன பாடுபடும் என்பதை அறிவார்கள். உடுத்தும் துணியிலேயே பூஞ்சணம் படரும். எங்கள் பெட்டியில் மட்டும் படரவில்லை. விறகுப் புகை அதனை இரவும் பகலும் உலர்த்தியது. ஆதலின், புத்தக மணம் என்று பிறர் சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது விறகுப் புகையின் மணமே.

நூல்கள் வந்த வழியும் சொல்லத்தக்கது. போனஸ் கிடைக்கும் மாதத்தில் தந்தையார் சென்னைப் பதிப்பகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவார். சில வாரங்கள் கழித்து வி.பி.பி.யில் கட்டு வரும். தபால்காரர் தேயிலைச் சரிவில் நடந்து வந்து திண்ணையில் அமர்ந்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கட்டைத் தருவார். சணலை அறுக்காமல் அவிழ்த்துச் சுற்றி வைப்பது தந்தையாரின் வழக்கம். நான் அஞ்சல் துறைக்கு வந்ததற்கு அந்தச் சணல் உருண்டையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இவையன்றி, வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கத்தரித்து, உடுமலைப்பேட்டைக்குக் கொண்டுசென்று பைண்டு செய்து வைத்திருந்தார். வேலை முடிந்த மாலைகளில் அவர் உரக்கப் படிக்க, பக்கத்து வீட்டார் கூடியிருந்து கேட்பர். படிக்கத் தெரியாத பாட்டிமார்களும் அடுத்த அத்தியாயத்தை எதிர்பார்த்திருந்த காலம் அது.

தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் லயத்தில் வீடு. 2006ஆம் ஆண்டு தந்தையார் ஓய்வு பெற்றதும் நாங்கள் இறங்கினோம். அப்போது நான் பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து இன்றுவரை ஐந்து வீடுகள் மாறிவிட்டோம். இப்போது பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் இருக்கிறோம். இங்கிருந்து நான் பிறந்த ஊருக்குப் போகவேண்டுமானால் கோபாலபுரத்தில் எல்லையைக் கடந்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியே சென்று, சின்னாற்றில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். கேரளத்திலிருந்து கேரளத்துக்குச் செல்லத் தமிழ்நாட்டைக் கடப்பவர்கள் நாங்கள்! அவ்வழியே அந்தத் தகரப் பெட்டியும் எங்களோடு வந்தது.

ஒவ்வோர் ஆயுத பூசையன்றும் அப்பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மலர் சாத்தி வணங்குவேன். "என் அப்பா சேர்த்த நூல்கள்" என்று வருவோரிடமெல்லாம் பெருமை பேசுவேன். ஆனால் பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அதனைத் திறந்து ஒரு நூலை எடுத்து நான் படித்ததில்லை. வெட்கத்தோடுதான் இதனை எழுதுகிறேன்.

கருவி வந்தது

என் துணைவியார் சிக்கனம் அறிந்தவர். "ஏங்க, அடுத்த மாற்றலுக்கும் இந்தப் பெட்டி வரணுமா? இதில இருக்கிறதெல்லாம் இப்போ கருவியிலேயே வருதாமே?" என்று ஒருநாள் கேட்டார். நான் காகிதத்தின் கட்சியில் நின்று நீண்ட சொற்பொழிவு ஆற்றினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நீங்க கடைசியாப் படிச்ச புத்தகம் எது?" என்றார். என்னிடம் விடை இல்லை.

பூசைக்கு முன் வந்த போனஸில் ஒரு மின்னூல் கருவி வாங்கினேன். இதனைக் கைப்பேசியோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. கைப்பேசியின் திரை தன் ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சுவது. மின்னூல் கருவியின் திரையிலோ கருந்துகளும் வெண்துகளும் நிறைந்த மிக நுண்ணிய உறைகள் பரப்பப்பட்டுள்ளன. மின்னூட்டம் பெற்றதும் கருந்துகள் மேலே வந்து எழுத்தாகின்றன; வந்தபின் மின்சாரம் இன்றியே நிற்கின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாவதால், ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வரும். அடிக்கடி மின்சாரம் தடைப்படும் மலைநாட்டுக்கு இது சிறிய உதவியன்று.

இத்தகைய கருவிகளுள் பெயர் பெற்ற கிண்டில் 2007ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் இந்தியக் கடையில் தமிழ் நூல்கள் முறையாக இடம்பெற்றது 2016ஆம் ஆண்டின் இறுதியில்தான். ஆனால் தமிழர்கள் அதுவரை கைகட்டிக் காத்திருக்கவில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று, சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்து அன்பர்கள் ஊதியம் ஏதும் பெறாமல் சங்க நூல்கள் முதல் இக்காலப் புதினங்கள் வரை தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தந்தனர். 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் பெரியதொரு மின்னூலகத்தை நடத்துகிறது. பாலக்காட்டிலிருந்து தமிழ் நூல் வாங்கப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பேருந்து ஏறும் நமக்கு இவை எத்துணைப் பெரிய கொடை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மின்னூல்களில் இருவகை உண்டு. அச்சுப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைத்தது ஒருவகை. எழுத்தெழுத்தாக மறுபடியும் தட்டச்சு செய்து வைத்தது மற்றொரு வகை. படவகையில் பழைய அச்சும் ஓவியமும் உருமாறாமல் இருக்கும். ஆயின் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் திரைக்கு வெளியே ஓடிவிடும். எழுத்துவகையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தாமே மடிந்து திரைக்குள் அடங்கும். இவ்வேறுபாட்டின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. சில நாள்களில் தெரிந்தது.

விசயதசமியன்று

கேரளத்தில் ஆயுத பூசையையொட்டி நூல்களைப் பூசைக்கு வைத்து, விசயதசமியன்று காலையில் எடுப்பது வழக்கம். அவ்வாண்டு பூசையில் தகரப் பெட்டியோடு மின்னூல் கருவியையும் வைத்தோம். விசயதசமி காலையில் தந்தையார், "பெட்டியைத் திற. ஒரு புத்தகம் எடுத்துப் பார்க்கணும்" என்றார்.

திறந்தேன். மேலே இருந்த நூலைத் தூக்கியதும் அதன் நடுவிலிருந்து மாவு உதிர்ந்தது. இராமபாணப் பூச்சி ஒரு அட்டையில் நுழைந்து அடுத்த அட்டை வரை துளைத்துச் சென்றிருந்தது. சில நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகியிருந்தன. 118 நூல்களில் 31 நூல்கள் அறவே பயனற்றுப் போயிருந்தன. தந்தையார் கத்தரித்துச் சேர்த்த தொடர்கதைத் தொகுதிகளில் நான்கும் அவற்றுள் அடங்கும்.

காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. லயத்து அடுப்பின் புகை முப்பது ஆண்டுகள் அந்நூல்களைக் காத்தது. எரிவாயு அடுப்புள்ள வீடுகளில் நான் அவற்றை மூடி வைத்தேன். வேப்பிலையோ வசம்போ இடவில்லை, வெயிலில் காயவைக்கவில்லை, யாருக்கும் படிக்கக் கொடுக்கவும் இல்லை. பூசை மட்டும் தவறாமல் செய்தேன். படிக்கும் கை பட்டிருந்தால் பூச்சி அங்கே குடியேறியிராது.

தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. கெடாத நூல் ஒன்றை எடுத்து மடிமேல் வைத்துப் பிரித்தார். சற்று நேரம் பக்கத்தையே பார்த்திருந்தார். பின்பு மெல்ல மூடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது; அவரால் அதனைப் படிக்க முடியவில்லை. கண்புரை நீக்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் நீரிழிவு நோய் விழித்திரையைத் தாக்கியிருந்ததால் சிறிய எழுத்துகள் அவருக்குக் கலங்கித் தெரிந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தால் கை நடுங்கிற்று. அவர் நூல்களைக் கேட்பதை நிறுத்தியது முதுமையின் சலிப்பால் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். யாரும் அவரைக் கேட்டதில்லை.

மாவாகிப்போன நூல்களுள் ஒன்று உ. வே. சாமிநாதையர் அவர்களின் 'என் சரித்திரம்'. நல்லூழாக அது மதுரைத் திட்டத்தில் எழுத்துவகை மின்னூலாகவே உள்ளது. அதனைக் கருவியில் இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, அவர் கையில் கொடுத்தேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். ஒரு வரிக்கு மூன்று சொற்களே நின்றன. படிக்கலானார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு குரல் வந்தது. லயத்துத் திண்ணையில் கேட்ட அதே ஏற்ற இறக்கம்.

அவர் மனம் நொந்திருக்குமோ என்னும் அச்சத்தோடு, "அப்பா, இது உங்க புத்தகம் மாதிரி ஆகுமா?" என்று கேட்டேன்.

"எழுத்து பெரிசா இருக்குடா. அது போதும்" என்றார்.

காகிதத்தின் மாண்பைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் அந்த ஒரு விடையில் அடங்கிப்போயிற்று. அன்றுமுதல் அவர் அக்கருவிக்குச் 'சிலேட்டு' என்று பெயர் சூட்டிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு கீழே வைத்த சிலேட்டை எழுபத்தேழாம் வயதில் மீண்டும் எடுத்தார் என்றே எனக்குப் பட்டது.

பனையோலை சொல்லும் பாடம்

இவ்வாறு எழுதுவதால் நான் கருவியின் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று எவரும் கருதவேண்டா. கரிம்பனைகள் நிறைந்த பாலக்காட்டு மண்ணில் வாழ்பவனுக்குப் பனையோலையே நல்லாசிரியன். ஏடும் பூச்சிக்கு இரையாவதே. ஓர் ஏடு சிதையுமுன் மற்றோர் ஏட்டில் பெயர்த்தெழுதியவர்கள் இருந்ததனால்தான் நம் இலக்கியங்கள் பிழைத்தன. பெயர்த்தெழுதுவார் இல்லாதவை மறைந்தன. பின்னர் அச்சு வந்தது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் வெளிவந்தது இதே கேரளத்தின் கொல்லத்தில்தான் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். அண்டிரிக் அடிகளார் அளித்த பதினாறு பக்க நூல் அது. 1887இல் சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, பல ஊர்களில் மூலைக்கு மூலை கிடந்த ஏடுகளின் பொருள் ஒரே பதிப்பில் பலர் கைக்கு வந்து சேர்ந்தது.

மின்னூலுக்கும் இதே விதிதான். மதுரைத் திட்டம் தொடங்கிய நாளில் கணினியில் தமிழுக்குப் பொதுவானதொரு குறியாக்கம் இல்லை. முதலில் ஒரு முறையிலும், பின்பு தகுதரம் எனப்பட்ட முறையிலும் இடப்பட்ட நூல்களை, ஒருங்குறி பரவியபின் அன்பர்கள் மறுபடியும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. மாற்றாமல் விட்டிருந்தால் இன்றைய கருவிகளில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பூச்சி அரிக்காத ஏடு என்று எதுவும் இல்லை. பூச்சியின் உருவந்தான் வேறு.

இன்னோர் இடரும் உண்டு. கருவிக்கென விலைகொடுத்து வாங்கும் நூல் பெரும்பாலும் நமக்கு உடைமை ஆவதில்லை. படிக்க இசைவு பெறுகிறோம், அவ்வளவே. 2009ஆம் ஆண்டு ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில மின்பதிப்புகள், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அந்நிறுவனத்தாலேயே நீக்கப்பட்டன. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் பின்னர் வருத்தமும் தெரிவித்தார். ஆயினும் வீட்டுப் பரணில் இருக்கும் நூலை எவரும் இவ்வாறு இரவோடிரவாக எடுத்துச் செல்ல இயலாது.

அச்சு நூலுக்கு மட்டும் கேடு இல்லையா என்றால், 1981ஆம் ஆண்டு மே இறுதியில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின என்பர். அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவையும் இருந்தன. ஈழத்து அன்பர்கள் 2005 முதல் 'நூலகம்' என்னும் பெயரில் மின்னூலகம் அமைத்துப் பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவருவது அந்நெருப்புக்குப் பின் பெற்ற படிப்பினை எனலாம். ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பதற்குத்தான் ஆபத்து மிகுதி. பலரிடம் பலவாறு பரவிக் கிடப்பது எளிதில் அழிவதில்லை.

கடைசிப் பக்கத்துப் பெயர்கள்

எஞ்சிய 87 நூல்களை வெயிலில் காயவைத்துத் துடைக்கும் பணியில் என் மகளும் சேர்ந்துகொண்டாள். ஏழாம் வகுப்பு மாணவி. ஆங்கிலமும் மலையாளமும் நன்றாகப் படிப்பாள். தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. அடிக்கடி மாற்றலாகும் பணியைக் காரணம் காட்டி, தமிழ்வழிப் பள்ளி இருந்த ஊரிலும் அவளை அங்கே சேர்க்காமல் விட்டவன் நான். அக்குறையை வேறெவர் தலையிலும் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

தைத்த நூல் ஒன்றின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "அப்பா, இதில யாரோ கிறுக்கியிருக்காங்க" என்றாள். கிறுக்கல் அன்று, தந்தையாரின் கையெழுத்து. அந்நூலை வாங்கிச் சென்றவர்களின் பெயரும் நாளும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. திரும்பி வந்தவற்றுக்கு நேரே ஒரு கோடு. ஏறத்தாழ எல்லா நூல்களின் பின்பக்கத்திலும் அப்பட்டியல் இருந்தது. என் மகளுக்குப் பெயர்களைப் படிக்க வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. மலையாள எழுத்தை அறிந்தவள் ஆதலின் சிலவற்றைத் தானே ஊகித்தாள். மற்றவற்றைத் தாத்தாவிடம் கேட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் ஒரு கதை சொன்னார். மூன்றாம் லயத்துக் கொழுந்து எடுக்கும் அத்தை. மஸ்டர் அறையில் திருட்டுத்தனமாகப் படித்து மாட்டிக்கொண்ட இளைஞன். மணமாகிப் போடி போகும்போது நூலையும் கொண்டுபோன பெண்.

"கொண்டு போயிட்டாங்களா? உங்களுக்குக் கோபம் வரலையா தாத்தா?" என்றாள்.

"திரும்பி வராத புத்தகம்தான் நல்லாப் படிச்ச புத்தகம்" என்றார் அவர்.

தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் ஒரு தனி மனிதர் நூலகம் நடத்தியிருக்கிறார். அவர் மகனாகிய நான் அதனைப் பெட்டியில் பூட்டிப் பத்தொன்பது ஆண்டுகள் சந்தனம் பூசியிருக்கிறேன். கடன் கொடுப்பது என்பது கருவியால் எளிதில் ஆகாத செயல். விலைக்கு வாங்கிய மின்னூலை அண்டை வீட்டாருக்கு எடுத்துக் கொடுக்க வழியில்லை. கருவியையே கொடுத்தால்தான் உண்டு. அச்சு நூலோ கைமாறுவதற்கென்றே பிறந்தது.

இதற்கு நான் பிறந்த மாவட்டத்திலேயே சிறந்த சான்று உண்டு. தேவிகுளம் வட்டத்து இடமலைக்குடி, 2010இல் அமைந்த கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அந்நாளில் காட்டுவழியே நடந்து செல்ல வேண்டியிருந்த அவ்வூரில், முதுவர் குடியைச் சேர்ந்த சின்னத்தம்பி என்னும் முதியவர் தம் தேநீர்க் கடையில் 160 நூல்கள் கொண்ட நூலகம் நடத்தினார். சாக்குப் பைகளில் நூல்கள். கடன் பெறுவோர் பெயரை எழுத ஒரு பதிவேடு. 2013ஆம் ஆண்டில் 37 முறை நூல்கள் கடன் தரப்பட்டதைப் பத்திரிகையாளர் சாய்நாத் 2014இல் எழுதி உலகறியச் செய்தார். நம் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரமும் மலையாள உருவில் அங்கே இருந்தது. நூல்கள் பயன்படுவதற்கே என்றும், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிட்டவேண்டும் என்றும் 1931இல் விதி வகுத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக மேதை அரங்கநாதன். அவ்விதிகளை என் தந்தையாரும் அம்முதியவரும் ஏட்டில் படித்திருக்க மாட்டார்கள். ஆயினும் வழுவாது நடத்திக் காட்டினர்.

நாங்கள் செய்த முடிவு

வீட்டார் அனைவரும் அமர்ந்து நூல்களை மூன்றாகப் பிரித்தோம். எழுத்துவகை மின்னூலாகக் கிடைப்பவற்றைத் தந்தையாருக்காகச் சிலேட்டில் ஏற்றினோம். வேறெங்கும் கிடைக்காத தொடர்கதைத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைக்கும் பணியை மகளும் நானும் ஞாயிறுதோறும் செய்துவருகிறோம். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். இப்போது பெட்டிக்குள் வசம்பு இருக்கிறது. மாதம் ஒருமுறை வெயிலும் காட்டுகிறோம். எஞ்சிய அறுபதுக்கும் மேற்பட்ட நூல்களைப் பக்கத்துக் கிராமத்து வாசகசாலைக்குக் கொடுத்தோம். 1945இல் பி. என். பணிக்கர் அவர்கள் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்து வளர்த்த இயக்கத்தின் பயனாகக் கேரளத்தில் இத்தகைய வாசகசாலைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒரு தமிழ் அலமாரிக்கு இடம் கேட்டுப் பெறுவது நம் கடமை.

சங்கத்துக் குடும்பங்களுக்கு நான் பணிவோடு சொல்லிக்கொள்வது இதுவே. வீட்டில் கண் மங்கிய முதியவர் இருந்தால், வேறு செலவைச் சுருக்கியேனும் ஒரு கருவி வாங்கிக் கொடுங்கள். எழுத்துக் கற்கும் குழந்தைக்கு, விரல் வைத்துப் படிக்கவும் கோடு போடவும் அச்சிட்ட நூலையே கொடுங்கள். அது கண்ணில் படும் இடத்தில் கிடக்கட்டும். கோவைப் புத்தகத் திருவிழாவுக்குச் செல்ல இயலாதவர்கள் அஞ்சலில் வரவழைக்கலாம். பழைய பதிவுப் புத்தக அஞ்சல் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதன் பின், 2025ஆம் ஆண்டு மே முதல் நாள் 'கியான் போஸ்ட்' என்னும் சேவை வந்துள்ளது. வரி நீங்கலாக 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய். அத்துறையின் ஊழியன் ஆதலின் இதற்குமேல் கருத்துரைப்பது முறையன்று! சங்கம் தன் மண்டபத்தில் ஒரு பெட்டி நூல்களும், பெயரெழுத ஒரு குறிப்பேடும், முதியோர் எடுத்துச் செல்ல இரண்டு கருவிகளும் வைக்குமாயின் அது பெரும்பணியாகும்.

அச்சு நூலா, கருவியா என்று கேட்பதற்கு முன், இந்த நூல் இன்று யார் கைக்குப் போகப்போகிறது என்று கேட்க வேண்டும் என்பதே எங்கள் வீட்டு வழக்கில் நான் கற்ற பாடம். எந்தக் கைக்கும் போகாத நூல் தகரப் பெட்டியில் இருந்தாலும் கருவிக்குள் இருந்தாலும் ஒன்றே.

சென்ற வாரம் வாசகசாலைக்குப் போய் வந்தேன். "எத்தனை பேர் எடுத்தாங்க?" என்று தந்தையார் கேட்டார். குறிப்பேட்டில் நான்கு பெயர்கள் இருந்தன என்றேன். அவற்றுள் இரண்டு மலையாள எழுத்தில் எழுதப்பட்டிருந்தன என்பதையும் சற்று வருத்தத்தோடு சொன்னேன். இருவரும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள்.

"பேரு எந்த எழுத்தில் இருந்தா என்ன? எடுத்தது தமிழ்ப் புத்தகந்தானே. படிக்கட்டும், தானா மாறும்" என்று சொல்லிவிட்டு, சிலேட்டை என் மகளிடம் நீட்டி, விட்ட இடத்தை எடுத்துத் தரச் சொன்னார்.